என் கடனுக்கு சிபில் இருக்கு, பாலாத்துக் கடனுக்கு எங்கே இருக்கு?

போன மாசம் ஒரு கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்துல என் தங்கச்சி வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். நல்ல மனுஷன். பிரியாணிக்குப் பக்கத்துல கத்தரிக்காயைத் தள்ளி வெச்சுக்கிட்டே கேட்டார்:

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. நான் வீட்டுக் கடன் வாங்கி 11 வருஷமா ஒரு மாசம் தவறாம கட்டறேன். உங்க ஊர் ஆளுங்க கடன் வாங்கறாங்க, தள்ளுபடி எப்ப வரும்னு காத்திருக்காங்க, அப்புறம் சிபில் கெட்டுப்போச்சுன்னு அழறாங்க. இது நியாயமா?"

சாப்பாட்டு நேரத்துல வாதம் பண்ணினா பந்தி கெட்டுப்போகும். "சாப்பிடுங்க மாப்ள, அப்புறம் பேசுவோம்"னு விட்டுட்டேன். இப்ப பேசறேன். அவருக்கு மட்டும் இல்லை. சென்னையிலயும் பெங்களூர்லயும் உட்கார்ந்து இதைப் படிக்கிற எல்லாருக்கும் சேர்த்து.

முதல்ல என் கணக்கைப் பாருங்க. ஒளிக்க ஒண்ணும் இல்லை.

எனக்கு ரெண்டரை ஏக்கர். ஆம்பூர் பக்கம், பாலாத்துல இருந்து கூப்பிடு தூரம். 2016 ஆரம்பத்துல ஒரு வங்கியில கிசான் கார்டுல 1,20,000 ரூபாய் பயிர்க்கடன் வாங்கினேன். அதுக்கு முந்தின நவம்பர்ல பெரிய மழை, பாலாத்துல தண்ணி போனதைப் பாக்க ஊரே பாலத்து மேல நின்னுச்சு. இந்த வருஷம் தப்பிச்சோம்னு நினைச்சுத்தான் கரும்பு வெச்சேன். அந்த வருஷக் கடைசியில வடகிழக்குப் பருவமழை மொத்தமா பொய்ச்சுப் போச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாட்டு எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கமே அறிவிச்சது ஞாபகம் இருக்கும். என் கிணத்துல பம்புசெட்டு கால் மணி நேரம் ஓடினா காத்துதான் வரும். வந்த கொஞ்சத் தண்ணியிலும் உப்பு. கரும்பு நின்ன இடத்துலயே காய்ஞ்சுது. மாட்டுக்கு வெட்டிப் போட்டேன்.

இதுக்கு நடுவுல 2016 மே மாசம் புது ஆட்சி பதவி ஏத்த அன்னிக்கே சிறு, குறு விவசாயிகளோட கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடின்னு கையெழுத்தாச்சு. பக்கத்து நிலத்துக்காரர் சொசைட்டியில வாங்கியிருந்தார், அவருக்குப் போச்சு. நான் வாங்கினது வங்கியில, எனக்குப் போகலை. வரப்பு ஒண்ணு, வானம் ஒண்ணு, கடன் மட்டும் வேற. அவர் மேல எனக்குப் பொறாமை இல்லை. ஆனா மாப்ள, "உங்க ஆளுங்களுக்கு எல்லாம் தள்ளுபடி"ன்னு நீங்க சொன்னீங்களே, அந்த எல்லாத்துல நான் இல்லை.

வட்டிக்குன்னு 14,000 கட்டினேன். அதுக்கு மேல முடியலை. 2018ல போன் வர ஆரம்பிச்சுது. அப்புறம் ஆளே வந்தாங்க. வங்கி ஆள் இல்லை, வசூல் ஏஜென்சிப் பசங்க. என் பையன் வயசுதான் இருக்கும். வாசல்ல வண்டியை நிறுத்தி, தெருவுக்கே கேக்கற மாதிரி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எங்க அம்மா அப்ப உசிரோட இருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்க சாப்பிடலை.

2019ல லோக் அதாலத்துல இருந்து நோட்டீஸ் வந்துச்சு. போனேன். பாக்கி 1,62,000 ஆகியிருந்துச்சு. பேசி 1,15,000க்கு முடிச்சாங்க. ரெண்டு கறவை மாட்டையும் என் சம்சாரத்தோட சங்கிலியையும் வித்து ரெண்டு தவணையில கட்டினேன். கூட்டிப் பாருங்க. நான் வாங்கினது 1,20,000. கட்டினது 1,29,000. விட்டுக்கொடுத்த 47,000 முழுக்க வட்டியும் வட்டி மேல போட்ட வட்டியும். அசல்ல ஒரு பைசா நான் யாரையும் ஏமாத்தலை.

லோக் அதாலத்துல முடிச்ச விவகாரம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். 1987ம் வருஷத்துச் சட்டத்துல இருக்கு. அது மேல அப்பீல் கூடக் கிடையாது. நானும் அப்படித்தான் நம்பினேன். தீர்ப்புத் தாளை சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சுட்டு நிம்மதியாத் தூங்கினேன்.

அஞ்சு வருஷம் கழிச்சு, 2024ல, என் பொண்ணு பிளஸ் டூ முடிச்சா. நர்சிங் சேர்ந்தா. முதல் வருஷப் பணத்தை எப்படியோ புரட்டிக் கட்டிட்டு, கல்விக்கடனுக்கு மனு போட்டோம். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்க மாட்டாங்க, அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட்டா போதும்னு சொல்லியிருந்தாங்க. மேனேஜர் சின்ன வயசுக்காரர். கம்ப்யூட்டரைத் திருப்பி என் பக்கம் காட்டினார்.

"ஐயா, உங்க பேர்ல ரெண்டு கறை இருக்கு. ஒண்ணு செட்டில்டு, 47,000 நஷ்டம்னு காட்டுது. இன்னொண்ணு 1,62,000 இன்னும் பாக்கின்னு காட்டுது."

ரெண்டாவது எப்படி வந்துச்சுன்னா, நான் கடன் வாங்கின வங்கி நடுவுல இன்னொரு வங்கியோட சேர்ந்துடுச்சு. பழைய கணக்கு நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணு. கட்டினது புது நம்பர்ல ஏறிடுச்சு, பழைய நம்பர்ல நான் இன்னும் கடன்காரன்.

கேரள உயர் நீதிமன்றம் 2023ல, சிபில் மதிப்பெண் குறைவுங்கறதை மட்டும் வெச்சு மாணவருக்குக் கல்விக்கடன் மறுக்கக்கூடாதுன்னு சொன்ன செய்தியை அச்சடிச்சு எடுத்துட்டுப் போனேன். மேனேஜர் படிச்சுப் பார்த்துட்டு, "ஐயா, இது கேரளா"ன்னார். அவர் மேல கோவம் இல்லை. சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குதுன்னு அவரே வருத்தப்பட்டார். என் பொண்ணு பக்கத்துல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. பஸ்ஸுல வரும்போது, "அப்பா, நான் ஷூ கம்பெனிக்குப் போறேன், வேன் நம்ம தெருவுக்கே வருது"ன்னா. அதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்?

அந்த ஒரு வார்த்தை

நகரத்துல இருக்கற உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம், கிராமத்துல நூத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சா அதிகம். கடன் முடிஞ்சா ரெண்டு விதமா எழுதுவாங்க. முழுசாக் கட்டினா "க்ளோஸ்டு". பேசிக் குறைச்சுக் கட்டினா "செட்டில்டு". தமிழ்ல ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான், கடன் தீர்ந்துது. வங்கிக்காரன் பாஷையில ரெண்டாவதுக்கு அர்த்தம், "இவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தாதவன், ஜாக்கிரதை." இந்தியாவுல இந்த விவரத்தைச் சேத்து வெக்கிற கம்பெனி மொத்தம் நாலு, நாம எல்லாத்தையும் சேத்து சிபில்னு சொல்றோம். வந்த விவரத்தைக் குறைஞ்சது 7 வருஷம் வெச்சிருக்கணும்னு விதி. மதிப்பெண் 300ல இருந்து 900 வரைக்கும். பரீட்சை எழுதறது நாம, வினாத்தாளை நமக்குக் காட்ட மாட்டாங்க.

அன்னிக்கு மேசையில உட்கார்ந்திருந்த யாராவது ஒருத்தர், "பெரியவரே, 47,000 குறைச்சுக் கட்டினா இந்த வார்த்தை உம்ம பேர்ல ஒட்டிக்கும், பொண்ணு படிப்புக்குப் போகும்போது முன்னாடி வந்து நிக்கும்"னு சொன்னாங்களா? இல்லை. சொல்லியிருந்தா இன்னொரு மாட்டை வித்திருப்பேன். கையெழுத்துப் போட்ட தாள்ல இங்கிலீஷ்ல இருந்துச்சு. நான் பிளஸ் டூ வரைக்கும் படிச்சவன், எனக்கே புரியலை. கைநாட்டு வெச்சவங்க கதி என்ன?

இன்னும் ஒண்ணு கேளுங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, இயற்கைச் சீற்றத்துல 33 சதவீதத்துக்கு மேல பயிர் போயிருந்தா வங்கி அந்தக் கடனைத் திருத்தி, காலம் நீட்டித் தரலாம். சேதம் பாதிக்குக் கீழே இருந்தா 2 வருஷம் வரைக்கும், பாதிக்கு மேல போனா 5 வருஷம் வரைக்கும். முதல்ல குறைஞ்சது ஒரு வருஷம் கட்ட வேண்டாம்னு விடலாம். அப்படித் திருத்தின கடன் வாராக்கடன் ஆகாது, நல்ல கடனாவே நடக்கும். 2017ல மாநிலம் முழுக்க வறட்சின்னு அரசாணையே இருந்துச்சு. என் கடனை யாரும் திருத்தலை. கேட்டா, "நீங்க வந்து மனு கொடுக்கலையே"ன்னாங்க. வசூலுக்கு வீடு தேடி வரத் தெரியுது, விதியைச் சொல்ல வீடு தெரியலை. மழை பொய்ச்சதுக்குப் பேர் என் ஏட்டுல என் குணக்கேடுன்னு ஏறிடுச்சு.

இது பணத்தோட நிக்கற விஷயமும் இல்லை. 2025ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு வழக்கு. ஒருத்தருக்கு பொதுத்துறை வங்கியில வேலை கிடைச்சு, சிபில் சரியில்லைன்னு அந்த நியமனத்தை ரத்து பண்ணிட்டாங்க. கடனையெல்லாம் அடைச்சுட்டேன்னு அவர் வாதாடினார். வங்கி செஞ்சது சரின்னு தீர்ப்பு வந்துச்சு. கடனை அடைச்சாலும் கறை அடையாதுன்னு அர்த்தம். அதே 2025ல நம்ம கூட்டுறவு சொசைட்டியிலயும் பயிர்க்கடனுக்கு சிபில் பாக்கணும்னு சுற்றறிக்கை வந்துச்சு. விவசாய சங்கங்கள் சத்தம் போட்ட பிறகுதான் மதிப்பெண் கட்டாயம் இல்லைன்னு அரசாங்கம் விளக்கம் சொல்லுச்சு. நமக்குன்னு இருந்த கடைசிக் கதவு அது. அதுலயும் பூட்டுப் போடப் பார்த்தாங்க.

அவங்களுக்கு ஹேர்கட், எங்களுக்கு மொட்டை

மாப்ள, நீங்க நியாயம் கேட்டீங்க. நானும் கேக்கறேன்.

2023 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல அரசாங்கமே கொடுத்த கணக்கு: 2014-15ல இருந்து 9 நிதியாண்டுல வங்கிகள் ஏட்டுல இருந்து நீக்கின வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். அதுல பெரிய தொழில், பெரிய சேவை நிறுவனங்களோடது மட்டும் 7.40 லட்சம் கோடி. ஏட்டுல நீக்கறது வேற, தள்ளுபடி வேறன்னு எனக்கும் தெரியும், வசூல் நடவடிக்கை தொடரும்னு சொல்வாங்க. தொடர்ந்து வசூல் ஆனது எவ்வளவு தெரியுமா? அதே பதில்லயே இருக்கு, ரெண்டு லட்சம் கோடிக்குக் கொஞ்சம் மேல.

பெரிய கம்பெனி திவாலானா அதுக்குத் தனிச் சட்டம், 2016ல வந்தது. அந்த வழியில கடன் கொடுத்தவங்களுக்குத் திரும்பறது சராசரியா மூணுல ஒரு பங்குதான். மீதி போனதுக்கு அவங்க வெச்ச பேரு "ஹேர்கட்". அதுக்கு அப்புறம் அந்தக் கம்பெனி புது முதலாளி கையில பழைய கடன் பாரம் இல்லாம சுத்தமாத் தொடங்கும், உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கு. நான் அசலுக்கு மேலயே கட்டியிருக்கேன். எனக்குச் சுத்தமான தொடக்கம் எங்கே? அவங்களுக்கு வெட்டினா ஹேர்கட், எங்களுக்கு வெட்டினா மொட்டை. அவங்களுக்கு முடி திரும்ப வளரும். எங்களுக்கு 7 வருஷம் வெயில்ல நிக்கணும்.

2023 ஜூன்ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. வேணும்னே கடனை ஏமாத்தினவங்க, மோசடின்னு வகைப்படுத்தினவங்க கூட வங்கிகள் சமரசம் பேசி முடிக்கலாம்னு அதுல வழி இருந்துச்சு. வங்கி ஊழியர் சங்கங்களே எதிர்த்தாங்க. வேணும்னே ஏமாத்தினவனுக்குச் சமரசம். வானம் ஏமாத்தினவனுக்கு 7 வருஷம்.

தஞ்சாவூர் பக்கம் திருமண்டங்குடிக்குப் போங்க. திரு ஆரூரான் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்ட விவசாயிகள் 2022 நவம்பர் 30ல இருந்து ஒரு வருஷத்துக்கு மேல அங்க உட்கார்ந்து போராடினாங்க. கரும்புப் பணம் பாக்கி. அதோட, ஆலை நிர்வாகம் தங்க பேர்ல வங்கியில கடன் வாங்கிடுச்சு, அது தங்களுக்கே தெரியாதுன்னு அவங்க குற்றச்சாட்டு. ஆலை திவால் வழியில வேற கைக்கு மாறிடுச்சு. விவசாயி பேர்ல இருந்த கடன் விவசாயி பேர்லயே நின்னுச்சு. கரும்பு போட்ட 14 நாள்ல பணம் தரணும், தாமதம் ஆனா 15 சதவீதம் வட்டி தரணும்னு 1966ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லுது. 14 நாள் தாண்டினதுக்கு எந்த ஆலையோட மதிப்பெண்ணாவது ஒரு விவசாயி கம்ப்யூட்டர்ல குறைஞ்சிருக்கா?

சரி, தஞ்சாவூர் தூரம். எங்க ஊர்க் கதைக்கு வரேன்.

என் கிணத்துத் தண்ணியில உப்பு இருக்குன்னு மேல சொன்னேன் இல்லையா, அது கடல் உப்பு இல்லை. வேலூர்ல இருந்து வாணியம்பாடி வரைக்கும் தோல் பதனிடறதுக்குப் போட்ட உப்பும் குரோமியமும் பாலாத்து மணல்ல இறங்கி, கிணத்துல ஏறினது. தோல் தொழிலால நம்ம பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பம் சோறு தின்னுது, அதுல என் சொந்தக்காரங்களும் இருக்காங்க. அதை நான் மறுக்கலை. ஆனா கணக்கு கணக்குதான்.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு வந்துச்சு. மாசுபடுத்தினவன்தான் பணம் கட்டணும்னு இந்தியாவுக்கே சட்டமா ஆனது இந்த மண்ணு வழக்குலதான். தோல் பதனிடும் பகுதிகள்ல சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. அன்னிக்குத் தொழிற்சாலைக்குப் போட்ட அபராதம் தலைக்கு 10,000 ரூபாய். அப்புறம் இழப்பீடு கணக்குப் போட ஒரு ஆணையம் வெச்சாங்க. அந்த ஆணையம் 2001 மார்ச் 7ல ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு, 2009 ஆகஸ்ட் 24ல இன்னொண்ணு. 2025 ஜனவரி 30ல உச்ச நீதிமன்றம் மறுபடியும் என்ன சொல்லுச்சு தெரியுமா? அந்த ரெண்டு தீர்ப்புப்படி இன்னும் பணம் வாங்காதவங்களுக்கு அரசாங்கம் 6 வாரத்துக்குள்ள கொடுக்கணும், கொடுத்துட்டு மாசுபடுத்தினவங்ககிட்ட இருந்து வசூல் பண்ணிக்கணும்.

2001ல முடிவான கடன். 2025ல இன்னும் வசூல் ஆகணும்னு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கு. 24 வருஷம். எந்த ஏஜென்சிப் பையனாவது எந்த முதலாளி வாசல்லயாவது வண்டியை நிறுத்தி, தெரு கேக்கப் பேரைக் கூப்பிட்டானா? பாலாத்துக்குக் கடன்பட்டவங்க புதுசா வங்கிக் கடன் கேட்டுப் போகும்போது, யாராவது கம்ப்யூட்டரைத் திருப்பி, "ஐயா, உங்க பேர்ல ஒரு கறை இருக்கு"ன்னு காட்டினாங்களா?

என் கடனுக்கு ஏடு இருக்கு. எனக்கு வரவேண்டிய கடனுக்கு ஏடு இல்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஒரு பக்கம் மட்டும் எழுதற நோட்டுக்குப் பேரு கணக்கு இல்லை, அது மிரட்டல்.

தள்ளுபடி கேக்கலை

"அப்ப எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணச் சொல்றீங்களா?"ன்னு கேப்பீங்க. இல்லை. தள்ளுபடியில நேர்மையாக் கட்டினவன் முட்டாளாகிறான்னு நீங்க சொன்னது ஓரளவு நிஜம். 2008ல மத்திய அரசு கொண்டுவந்த பெரிய தள்ளுபடியிலும் தகுதி இல்லாதவங்க வாங்கினதும், தகுதி உள்ளவங்க விட்டுப்போனதும் 2013ல தணிக்கை அறிக்கையிலயே வந்துச்சு. ஏடே வேண்டாம்னும் நான் சொல்லலை. ஏடு இல்லாத காலத்துல கந்துவட்டிக்காரன் வெச்சதுதான் சட்டம், அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

நான் கேக்கறது நாலே நாலு. சமரசத்துல கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி, "இதனால உங்க அறிக்கையில இந்த வார்த்தை ஏறும், இதனால இது இது பாதிக்கும்"னு தமிழ்ல எழுதி, படிச்சுக் காட்டி வாங்குங்க. லோக் அதாலத்துல முடிஞ்ச கடனை முடிஞ்ச கடன்னே எழுதுங்க, நீதிமன்றம் முற்றுப்புள்ளி வெச்ச இடத்துல வங்கி கமா போட வேண்டாம். அரசாங்கமே வறட்சி, வெள்ளம்னு அறிவிச்ச வருஷத்துல தவறின பயிர்க்கடனை வங்கியே தேடி வந்து திருத்தட்டும், மனு கொடுக்கலைன்னு தப்பிக்க வேண்டாம். கடைசியா, நீதிமன்றமும் ஆணையமும் விவசாயிக்குக் கொடுன்னு சொன்ன பணத்தைக் கொடுக்காத கம்பெனி பேரும் அதே ஏட்டுல ஏறட்டும். அப்ப பாருங்க, 24 வருஷம் 24 நாளாகும்.

என் கறை போன கதை

அழுதுட்டு உட்காரலை. உங்களுக்கும் உதவும்னு எழுதறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை அந்த நாலு கம்பெனியும் காசில்லாமத் தரணும், 2017ல இருந்து ரிசர்வ் வங்கி விதி. ஊர்ல நெட் சென்டர் நடத்தற பையன் எடுத்துக் கொடுத்தான். 2024 செப்டம்பர் 2ம் தேதி, தீர்ப்பு நகலும் கட்டின ரசீதும் வெச்சு, வங்கிக்கும் அறிக்கைக் கம்பெனிக்கும் மனு போட்டேன். ஒப்புகைச் சீட்டு வாங்கிட்டுத்தான் வந்தேன். 30 நாள்ல சரிபண்ணணும். பண்ணலைன்னா அதுக்கு மேல போற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. 2024 ஏப்ரல் 26ல இருந்து இது நடைமுறையில இருக்கு. ஒருத்தரும் இதை போர்டுல எழுதி வெக்க மாட்டாங்க.

30 நாள் போச்சு, பதில் இல்லை. ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. 14448க்குப் போன் பண்ணினா வழி சொல்றாங்க. டிசம்பர் 11ம் தேதி பழைய நம்பர்ல இருந்த 1,62,000 காணாமப் போச்சு. நூறு நாள். முப்பது போக எழுபது. 7,000 ரூபாய் என் கணக்குல ஏறுச்சு. வாழ்க்கையில வங்கி எனக்கு அபராதம் கட்டினது அதுதான் முதல் தடவை. பாஸ்புக்கை என் சம்சாரத்துக்கிட்ட ரெண்டு தடவை காட்டினேன்.

ஆனா "செட்டில்டு" போகலை. அது தப்பு இல்லையாம், நிஜமாம். நிஜத்தைத் திருத்த யாருக்கும் மனு போட முடியாது. ஒரே வழி, விட்டுக்கொடுத்த 47,000ஐக் கட்டி, பாக்கி இல்லைன்னு கடிதம் வாங்கி, "க்ளோஸ்டு"ன்னு மாத்தறது. 2025ல தென்னை குத்தகைப் பணமும் அந்த 7,000மும் சேர்த்து அதைக் கட்டினேன். நீதிமன்றம் வேண்டாம்னு சொன்ன வட்டியை, ஆறு வருஷம் கழிச்சு, என் பொண்ணு படிப்புக்காக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்க வரிப்பணத்துல விவசாயிக்குத் தள்ளுபடின்னு இனிமே யாராவது சொன்னா, என் பேர்ல இருந்து அந்த 47,000ஐக் கழிச்சுக்குங்க மாப்ள. அது உங்ககிட்டயே திரும்பி வந்துடுச்சு.

ரெண்டாவது வருஷத்துக்குக் கடன் கிடைச்சுது. பொண்ணு இப்ப ஆஸ்பத்திரியில பயிற்சிக்குப் போறா. ஷூ கம்பெனி வேன் காலையில எங்க தெருவுக்கு வந்துட்டுத்தான் போகுது. அவ வயசுப் பொண்ணுங்க பத்துப் பேர் அதுல ஏறறாங்க. அதுல எத்தனை பேரோட அப்பன் பேர்ல என்ன வார்த்தை எழுதியிருக்குன்னு அவங்களுக்கே தெரியாது.

அதனால இதைப் படிக்கிற உங்ககிட்ட ஒரே ஒரு வேலை கேக்கறேன். இந்த ஞாயித்துக்கிழமை ஊர்ல இருக்கற உங்க அப்பாவுக்கோ, சித்தப்பாவுக்கோ, அத்தைக்கோ போன் பண்ணுங்க. ஆதாரும் பான் கார்டும் எங்க இருக்குன்னு கேளுங்க. அவங்க பேர்ல ஒரு அறிக்கையை எடுத்துப் படிச்சுச் சொல்லுங்க. அடைச்ச கடன் பாக்கின்னு இருக்கலாம். வாங்காத கடனே இருக்கலாம். தேவை வந்த அன்னிக்குத் தெரிஞ்சா அலையற அலைச்சல் எனக்குத்தான் தெரியும். யாராவது அவங்களைக் கடனை முடிச்சுக்கோன்னு கூப்பிட்டா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கச் சொல்லுங்க.

மாப்ள, உங்க பேர்லயும் ஒண்ணு எடுத்துப் பாருங்க. 11 வருஷம் தவறாமக் கட்டினது சரியா ஏறியிருக்கான்னு.